கவுன்சலர் இல்லாத பள்ளியில், பேச்சு நின்றுபோன ஒரு பிள்ளைக்கு வகுப்பாசிரியர் என்ன செய்யலாம்?

கேட்டிருப்பவர் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. வேலைக்கு வந்து மூன்று வருடம். ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர், வகுப்பில் 52 பேர். அதில் ஒரு பெண், பிரேயரில் முன்னால் நின்று தமிழ்த்தாய் வாழ்த்து பாடிக்கொண்டிருந்தவள், அரையாண்டு லீவு முடிந்து வந்ததிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. டெஸ்க்கில் தலைவைத்துப் படுத்திருக்கிறாள், கேட்டால் தலைவலி என்கிறாள். பள்ளியில் கவுன்சலர் கிடையாது. “எனக்கு சைக்காலஜி தெரியாது. தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?” என்று எழுதியிருக்கிறார்.

டீச்சர், நான் 27 வருடமாக அரசுப் பள்ளிகளில்தான் இருக்கிறேன். இடையில் ஆலோசனைப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டுப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேசிவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முக்கியமான வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். 52 பேரில் ஒருத்தி மாறிப்போனது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் அவருக்கு இன்றைய பெண்ணைத்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் எப்படிச் சிரித்தாள், யாரோடு சேர்ந்து சாப்பிட்டாள், எந்தப் பாடத்துக்குக் கையைத் தூக்கினாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மனநலப் பிரச்சினைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதியளவு 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. அதாவது பெரும்பாலும் நம் வகுப்பறையில், நம் கண்ணெதிரில்.

என்ன நோய் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்களுடையது இல்லை. அதை முதலில் மனதிலிருந்து இறக்கிவையுங்கள். கவனிப்பது, காதுகொடுப்பது, உதவி எங்கே இருக்கிறதோ அந்த வாசல்வரை கூடப் போவது, இவ்வளவுதான். இதற்குப் பட்டம் தேவையில்லை.

சரி, அந்தப் பெண்ணிடம் எப்படிப் பேசுவது?

ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிடாதீர்கள். ஸ்டாஃப் ரூம் என்றாலே பிள்ளைகளுக்கு விசாரணைதான். வகுப்பில் எல்லார் முன்னாலும் “என்னம்மா ஆச்சு உனக்கு?” என்று கேட்கவும் கூடாது. நான் கண்டவரை நன்றாக நடப்பது இது: 52 நோட்டைக் கட்டி, “இதைக் கொஞ்சம் பிடிம்மா, லைப்ரரிவரைக்கும் கொண்டுபோய் வைப்போம்” என்று கூட அழைத்துப் போவது. பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியதில்லை. கையில் ஒரு வேலை இருக்கிறது. பேசாமல் வந்தாலும் சங்கடமில்லை. நான் ஆண் ஆசிரியர் என்பதால் மாணவிகளிடம் பேசும்போது எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மரத்தடியில், காதுக்கு எட்டாத தூரத்தில் பேசுவேன். தேவைப்பட்டால் ஓர் ஆசிரியையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். நீங்களும் மூடிய அறையைத் தவிர்ப்பது நல்லது.

“ஏன் இப்படி இருக்க?” என்று ஆரம்பிக்காதீர்கள். நம் ஊரில் ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் திட்டு வரும், பிள்ளைகளுக்கு அது பழக்கம். கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள். “ரெண்டு மாசமா பாக்குறேன்மா. முன்ன மாதிரி நீ இல்ல. மதியம் தனியா உக்காந்து சாப்புடற. கோவம் ஒண்ணும் இல்ல, கேக்கணும்னு தோணுச்சு, அதான்.” அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்த இடம்தான் நமக்குக் கஷ்டம். பேசிப்பேசியே பிழைக்கிறவர்கள் நாம், பத்து விநாடி மௌனத்தைக்கூட அறிவுரையால் நிரப்பிவிடுவோம். அவள் “ஒண்ணுமில்ல மிஸ்” என்றுதான் சொல்வாள், முதல் நாளில் எந்தப் பிள்ளையும் வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. “சரிம்மா. எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு. நான் நாளைக்கும் கேப்பேன்” என்று விட்டுவிடுங்கள். ஆனால் மறுநாள் உண்மையிலேயே கேட்க வேண்டும். நான் பேசிய பிள்ளைகளில் பலர் வாய் திறந்தது மூன்றாவது, நான்காவது முறைதான். அதற்குள் அவர்கள் நம்மைச் சோதித்துப் பார்த்து முடித்திருப்பார்கள்.

சில வார்த்தைகளைத் தவிருங்கள். “இதுக்கெல்லாமா அழுவாங்க?”, “உன்னவிடக் கஷ்டப்படுற பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?”, “எங்க காலத்துல...” இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். இன்னொன்று, “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், செய்தால் பிள்ளை உடனே பேசிவிடும் போலவும் இருக்கும். ஆனால் அவளுக்கு யாராவது பாலியல் தொல்லை கொடுத்திருந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்துகொண்ட யாரும் காவல்துறைக்குத் தகவல் தரவேண்டும். மறைத்தால் மறைத்தவர் மேலேயே வழக்கு வரும். அதனால் முதலிலேயே இப்படிச் சொல்லிவிடுங்கள்: “வேடிக்கைக்காக யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உனக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி செய்யறவங்ககிட்டச் சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்.” பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்கிறார்கள். செய்த சத்தியத்தை மீறுவதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

தலைவலியைச் சாக்கு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எப்போதும் எரிச்சலாக இருந்தான், போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால் சண்டைக்கு வருவான். பள்ளிக்கு வந்த கண் பரிசோதனைக் குழு பார்த்துக் கண்ணாடி கொடுத்த பிறகு பாதிச் சண்டை நின்றுபோனது. இந்த வயதுப் பெண்களுக்கு ரத்தசோகை மிகச் சாதாரணம். சோர்வு, தலைச்சுற்றல், எதிலும் பிடிப்பில்லாமை என்று அது பார்ப்பதற்கு மனச்சோர்வு போலவே இருக்கும். காலையில் சாப்பிட்டாளா, இரவில் தூங்கினாளா, மாதவிடாய் நாட்களில் என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். உங்கள் பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை போய்ப் பாருங்கள். கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நாலு மணிவரை உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் தலைவலிதான் வந்தது.

உடம்புக் காரணம் இல்லை என்றால், அரையாண்டு லீவில் என்ன நடந்தது என்று யோசிக்கலாம். வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கலாம். கடன்காரன் வந்து கத்தியிருக்கலாம். யாராவது அவள் படத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கலாம். பதினாலு, பதினைந்து வயதில் ஒரு பெண் திடீரென்று அடங்கிப்போனால் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்பதையும் மனதில் வையுங்கள். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொன்னால் தலையிடுவார்கள், சொன்னவர் யார் என்பதை வெளியே விடமாட்டார்கள். இவை எதுவுமே இல்லாமல் வெறும் மனச்சோர்வாகவும் இருக்கலாம். காரணமே இல்லாமலும் அது வரும். “உனக்கு என்ன குறை?” என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் அந்தப் பிள்ளை மேலும் குன்றிப்போகும்.

இப்போது கடினமான பகுதி. பேச்சுக்கிடையே “இருந்து என்ன பிரயோஜனம்”, “நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி” என்ற மாதிரி ஏதாவது வந்தால், கேட்காத மாதிரிக் கடந்துபோகாதீர்கள். நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பது இந்தத் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். யாரோ ஒருவர் அந்த வார்த்தையைக் கூச்சமில்லாமல் சொன்னதே பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். ஆமாம் என்றால் பதறாதீர்கள், அதட்டாதீர்கள், பிரசங்கமும் வேண்டாம். “சொன்னது நல்லதாப் போச்சு” என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவளைத் தனியே விடக்கூடாது. அன்றே ஹெச்.எம்.முக்குத் தெரிய வேண்டும், அன்றே வீட்டுப் பெரியவர் ஒருவர் பள்ளிக்கு வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைகள் இருந்தால் பூட்டி வைக்கவோ வேறு இடத்துக்கு மாற்றவோ சொல்லுங்கள். விவசாயக் குடும்பங்களில் மருந்து டப்பா அடுப்படி மூலையிலேயே கிடக்கும். அதை அப்புறப்படுத்துவது உயிரைக் காப்பாற்றும் வேலை. அந்த எண்ணத்தின் வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தால் பிள்ளை தப்பித்துவிடும்.

அவள் ஏற்கெனவே ஏதாவது செய்துகொள்ள முயன்றிருந்தால், “கேஸ் ஆயிடும்” என்று வீட்டில் மறைப்பார்கள். அந்தப் பயத்தை நீங்கள்தான் போக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

எங்கே அழைத்துப்போவது? உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் டாக்டர் பார்க்கிறார். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஓபி என்று இன்றே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தேடினால் கிடைக்காது. போனில் பேச 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை. “என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள், நான் எப்படி நடந்துகொள்வது?” என்று நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கல்வித் துறையின் 14417-ம் இருக்கிறது. எண்களைக் கரும்பலகையின் ஒரு மூலையில் வருடம் முழுக்க அழிக்காமல் எழுதி வையுங்கள். போஸ்டரைக் காற்று கொண்டுபோய்விடும்.

பெற்றோரிடம் பேசுவது தனிக் கலை. காலை பதினோரு மணிக்கு வரச்சொன்னால் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அந்தக் கோபத்தோடு வந்து நிற்கிறவர் எதையும் கேட்கும் நிலையில் இருக்கமாட்டார். இரவு ஏழரைக்கு மேல் போன் பண்ணுங்கள். ‘மனநோய்’, ‘டிப்ரஷன்’ என்ற வார்த்தைகளோடு ஆரம்பிக்க வேண்டாம். “பாப்பா நல்லாப் பாடுவா, எனக்கு ரொம்பப் பிடிச்ச பொண்ணு. கொஞ்ச நாளா சாப்புடாம சோர்ந்து உக்காந்திருக்கா. வீட்ல தூங்குறாளா?” என்று கேளுங்கள். தூக்கம், சாப்பாடு என்று ஆரம்பித்தால் எந்தத் தாயும் பேசுவார். மந்திரிக்கப் போகிறோம், கோயிலில் கயிறு கட்டப் போகிறோம் என்பார்கள். அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். அந்த ஏர்வாடி தர்காவிலேயே பின்னாளில் பிரார்த்தனையும் நடக்கட்டும், மாத்திரையும் கிடைக்கட்டும் என்று ‘தவா - துவா’ என்ற பெயரில் அரசின் மனநலச் சிகிச்சை போய்ச் சேர்ந்தது. நாமும் அதே வழியில், “கயிறும் கட்டுங்கம்மா. வெள்ளிக்கிழமை நானும் வரேன், ஒரு தடவை டாக்டரையும் பாத்துருவோம்” என்று சொல்லலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. வீடுதான் பிரச்சினை என்று பிள்ளை சொல்லியிருந்தால், அடிப்பவரிடமே போன் பண்ணிவிடக்கூடாது. அப்போது 1098.

இதுவரை ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மற்ற 51 பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் மனநலம் என்றதும் கவுன்சலர் வேண்டும், யோகா வகுப்பு வேண்டும் என்கிறோம். இருந்தால் நல்லதுதான். ஆனால் பள்ளியே தினமும் கொடுக்கும் சின்னச் சின்னக் காயங்களை நிறுத்தாமல் வாரம் ஒரு மணி நேரம் ஆலோசனை கொடுத்து என்ன ஆகப்போகிறது?

விடைத்தாள் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் மார்க் வாரியாக அடுக்கி, பேர் சொல்லி, மார்க்கையும் சத்தமாகச் சொல்லித்தான் கொடுப்பேன். என் ஆசிரியர்கள் அப்படித்தான் கொடுத்தார்கள். கடைசி ஐந்து தாள் கையில் இருக்கும்போது வகுப்பு கலகலவென்று சிரிக்கும். ஒருநாள் கடைசித் தாளுக்கு உரிய பையன், நான் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து வந்து நின்றான். முகத்தில் ஒன்றுமே இல்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தான். அந்த வருடம் ஒவ்வொரு தேர்விலும் அவன் அப்படித்தான் வந்து நின்றிருக்கிறான், நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த வாரமே மாற்றிவிட்டேன். மார்க் எழுதிய மூலையை உள்பக்கமாக மடித்து, அவரவர் நோட்டுக்குள் வைத்துக் கொடுத்துவிடுவேன். இருபது நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். அந்தப் பையன் இன்று எலக்ட்ரீஷியன். பார்க்கும்போது நன்றாகப் பேசுகிறான். நான்தான் அந்த வருடத்தைப் பற்றி அவனிடம் இன்னும் பேசவில்லை.

அரசே இதில் சில நல்ல முடிவுகளை எடுத்திருக்கிறது. 2017-இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். மே மாதத்தில் பேப்பரில் முதல் மூன்று பேரின் படம் வருவது நின்றது, படம் வராத லட்சக்கணக்கான வீடுகளில் ஒரு பாரம் குறைந்தது. அதற்கும் முன்பே வந்தது துணைத் தேர்வு. ஃபெயிலானால் ஒரு வருடம் வீண் என்று இருந்த காலம் போய், சில வாரங்களிலேயே திரும்ப எழுதி அதே வருடம் மேலே படிக்கலாம் என்று ஆனது. 1986-இல் சென்னையில் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களில் ஒருவர். ஒரு நிர்வாக உத்தரவு எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் நான் மனநலத் திட்டமாகத்தான் பார்க்கிறேன். பசியோடு முதல் பீரியடில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ‘கவனம் இல்லை’ என்று திட்டுவதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது? அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிடையாது. மேஜை டிராயரில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வைத்திருங்கள்.

பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்காதீர்கள். எங்கள் பள்ளியில் ஒரு வருடம் ஜனவரிக்குப் பிறகு பத்தாம் வகுப்புக்கு விளையாட்டே இல்லை என்று வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் பிள்ளைகள் மயங்கி விழுவது, அழுவது, காரணமில்லாமல் அடித்துக்கொள்வது எல்லாம் அதிகமானது. அடுத்த வருடம் பி.டி. வாத்தியார் சண்டை போட்டு மாலையில் அரை மணி நேரம் கபடி, எறிபந்து என்று திரும்பக் கொண்டுவந்தார். பத்தாம் வகுப்பு முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் தெரிந்தது. நல்லா படிக்கிறவர்கள் ஒரு பக்கம், ‘ஸ்லோ லேர்னர்’ ஒரு பக்கம் என்று பிரித்து உட்காரவைப்பதும் அப்படித்தான், அந்தப் பேரே பிள்ளைக்கு முதுகில் ஒட்டிவிடுகிறது. அடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடலை அடிப்பதை மட்டுமல்ல, மனதைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. ‘மக்கு’ என்பதும், நிறத்தையும் உடம்பையும் வைத்துக் கூப்பிடுவதும் அந்த இரண்டாவதில் வரும்.

அப்புறம், வருகைப் பதிவேடு. நம்மிடம் இருக்கும் கருவிகளில் இதைவிடக் கூர்மையானது கிடையாது. இப்போது ஆப்பில் போட்டுவிடுவதால் குறுக்குவாட்டில் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. நான் இன்னும் தாளில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மாதம் நாலு ஆப்சென்ட், பெரிய விஷயமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவன் வரிசையை விரலால் ஓட்டிப் பார்த்தபோது நாலும் திங்கட்கிழமை. முந்தைய மாதமும் திங்கள்தான். கூப்பிட்டுக் கேட்டேன். சனிக்கிழமை அப்பாவுக்குக் கூலி வரும், ஞாயிறு முழுக்கக் குடி. “திங்கக்கிழமையும் இருப்பாரு சார். நான் வீட்ல இருந்தா அம்மாவ அடிக்க மாட்டாரு” என்றான். பன்னிரண்டு வயது. அவனுடைய வேலை அதுவாக இருந்திருக்கிறது. ஊர்ப்பெரியவர் ஒருவரையும் அவன் சித்தப்பாவையும் வைத்துப் பேசி, அப்பாவை மருத்துவமனைக்கு அனுப்பி, எல்லாம் ஒரு வருடம் ஆனது, முழுதாகச் சரியானது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் திங்கட்கிழமை அவன் வந்தான்.

பதிவேட்டின் அதே கோடு இன்னொன்றையும் காட்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முன்னால் சாதி சொல்லிச் செய்த தொல்லை தாங்காமல் அவன் சில நாள் பள்ளிக்கு வராமல் இருந்தான். பள்ளி விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, புகார் கொடுத்த கையோடு வெட்டு விழுந்தது. அரசு நியமித்த நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டிவருவதைத் தடுப்பது முதல் பல பரிந்துரைகள் அதில் உண்டு. எனக்கு இதில் இரண்டு பாடம். வராமல் நின்ற பிள்ளையைத் தேடிப்போக வேண்டும். வாய் திறந்து சொன்ன பிள்ளையை அன்று மாலையே தனியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாம் கிளம்பிவிடக்கூடாது. புகாரை வாங்குவது சுலபம், கொடுத்தவனைக் காப்பதுதான் வேலை. உங்கள் பள்ளியிலும் பிள்ளைகள் புகார் எழுதிப்போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கும். அதை யார் திறக்கிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்று பாருங்கள். பூட்டுச் சாவி தொலைந்துபோன பெட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

ஹெச்.எம்.மிடம் நீங்கள் தைரியமாகக் கேட்க ஒரு பிடி இருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு மாணவர் மனநலம் பற்றி 15 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 100 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது வேண்டும். குறைவாக இருந்தால் வெளியில் இருக்கும் மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஊழியர்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும். மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கவோ எல்லார் முன்னும் அவமானப்படுத்தவோ கூடாது. சட்டம் வரும்வரை இது கட்டுப்படுத்தும். நாளைக்கே ஆலோசகர் வந்து இறங்கமாட்டார், அது எனக்கும் தெரியும். ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். அந்தக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு மேலே அனுப்பினால் அதற்கு எடை உண்டு. பக்கத்து ஊர் மருத்துவமனை மனநல ஆலோசகரை மாதம் ஒரு நாள் அழைத்துவருவதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

உங்களைப் பற்றியும் ஒன்று. 52 பிள்ளைகள், துறையின் எமிஸ் இணையதளப் பதிவுகள், ட்ரெய்னிங், வீட்டில் சமையல், இதற்கு நடுவே ஒரு பிள்ளையின் துயரத்தையும் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். இரவில் தூக்கம் வராது. தனியாகத் தூக்காதீர்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், நம்பிக்கையான ஒரு சக ஆசிரியரிடம் பகிருங்கள். அந்தப் பெண்ணுக்கும் உங்களைத் தவிர இன்னொருவர் வேண்டும். நீங்கள் லீவு போடும் நாளில் அவள் யாரிடம் போவாள் என்று அவளையே கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை சத்துணவு ஆயாவின் பெயரைச் சொன்னாள். ஆயா மிக அருமையாகச் செய்தார்.

இந்த வாரத்துக்கு என்ன செய்யலாம் என்றால், திங்கட்கிழமை நோட்டுக்கட்டைக் கொடுத்து நடந்துபாருங்கள். கண், ரத்தம் இரண்டையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். அவளோடு முன்பு சேர்ந்து சாப்பிட்ட பெண் யாரோ, அவளை உளவு பார்க்கச் சொல்லாமல், பக்கத்தில் உட்கார மட்டும் சொல்லுங்கள். அவள் வராத நாளில் பத்து மணிக்குள் வீட்டுக்குப் போன் போகட்டும். பிரேயரில் பாடச்சொல்லி இப்போதைக்குக் கேட்க வேண்டாம். அதற்காக அந்த இடத்தை இன்னொருத்திக்கு மொத்தமாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை போட்டு ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அதில் அவள் பெயரும் இருக்கட்டும். அவளுடைய வாரம் வரும்போது, “இந்த வாரம் வேண்டாம்னா தள்ளி வச்சுக்கலாம்மா” என்று சொல்லி, பெயரைக் கொஞ்சம் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.